ரெண்டாவது டேப்பு

பாழாய்ப்போன அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லாதிருந்தால் அந்த மலையில் அன்றைக்கு ஒரு துளி ரத்தம் சிந்தியிருக்காது. யார்மேல் பழி போடுவது? சொல்லிக்கொடுத்தவள் சரியாகத்தான் சொன்னாள். கேட்டவளும் சரியாகத்தான் காதில் வாங்கினாள். அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்து தொலைத்தது, அவ்வளவுதான்.

நதியா கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனதே நிலத்துக்காகத்தான். வேறு ஒரு மண்ணும் இல்லை. அவள் புருஷன் வேடியப்பனுக்கும் அவன் சித்தப்பன் மகன் கோபால்சாமிக்கும் பதினோரு வருஷமாக வரப்புச் சண்டை. ஒட்டினாற்போல இரண்டு துண்டு நிலம். இரண்டிலும் சாமையும் கேழ்வரகும்தான் விளையும். நடுவரப்பில் மூன்று புளியமரம். அந்த மூன்று மரத்துக்காக வேடியப்பன் முன்பல் இரண்டைப் பறிகொடுத்திருக்கிறான். கோபால்சாமிக்கு இடது காது பாதிதான் இருக்கிறது. மீதியை வேடியப்பன் கடித்துத் துப்பியதை ஊரே நின்று பார்த்தது. ஒரு தரம் வைக்கோல்போர் எரிந்தது. ஒரு தரம் ஓர் எருதின் பின்னங்கால் நரம்பை அறுத்துப் போட்டார்கள். அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்ததோ!

இந்த ஆடி மாதம்தான் கொஞ்சம் அடங்கியது. சர்வேயர் வந்து டேப்பு பிடித்து அளந்தார். ஊர்க்கவுண்டர் முன்னால் கல் நட்டார்கள். இரண்டு பேரும் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆனாலும் வேடியப்பன் மனசு ஆறவில்லை. அவன் ஒரு நாள் திருப்பத்தூர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் கோபால்சாமி அதே சர்வேயரைத் திரும்பக் கூட்டிவந்து திருட்டுத்தனமாக இன்னொரு தரம் அளந்துவிட்டான் என்று எவனோ ஊதிவிட்டிருந்தான். அதிலிருந்து குடித்தால் இதே புலம்பல்.

"ரெண்டாவது டேப்பு போட்டுட்டானாமேடி. எம்பேரத் தூக்கிட்டு அவம்பேரப் போட்டுக்கினு இருப்பான். நீ வேணா பாரு."

பட்டா யார் பேரில் இருக்கிறதென்று இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம் என்று மகளிர் குழுவில் சொன்னார்கள். பெண்களுக்கு இலவசமாகப் பயிற்சி என்றும் சொன்னார்கள். நதியா முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். பார்த்துவிட்டு வந்து சொன்னால் இந்த மனுஷன் வாயை மூடிக்கொள்வான், நிம்மதியாக ஒரு வாய்ச் சோறு தின்னலாம் என்பது அவள் கணக்கு.

வகுப்பு நடந்தது மூன்று மைல் தள்ளி, ரோட்டோரம் ஒரு பழைய ரேஷன் குடோனில். பத்துப் பெண்கள், ஐந்து கம்ப்யூட்டர். வாணியம்பாடியிலிருந்து தஸ்லீம் என்கிற பெண் வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுத்தாள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்று அவள் பிரித்தபோது நதியாவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தவள் யார் தெரியுமா? கலைவாணி. கோபால்சாமி பெண்டாட்டி. பதினோரு வருஷமாக வரப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்ட இரண்டு ஓரகத்திகள் ஒரே மவுஸை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டாம் நாள், பயிற்சிப் புத்தகத்தில் இணையதளத்தின் பேரை எழுதுகிற நீளமான வெள்ளைக் கட்டத்துக்கு 'முகவரிப் பட்டை' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கலைவாணி, "இங்கயுமாக்கா பட்டையப் போட்டுக் காய்ச்சுறானுங்க?" என்றாள். சாராயப் பானைக்குள் என்ன பட்டை போடுவார்கள் என்று தெரியாத பெண் அந்த மலையில் கிடையாது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து கொண்டுவந்த களியைப் பங்கு போட்டுத் தின்றார்கள்.

தஸ்லீம் பொறுமைசாலி. "இதுக்குப் பேரு பிரவுசர்க்கா. இதுவழியாத்தான் எங்க வேணாலும் போய்ட்டு வரலாம். இந்த அம்புக்குறியத் தொட்டா பின்னாடி வரலாம். பயப்படாதீங்க, எதுவும் ஒடஞ்சி போவாது" என்று ஒவ்வொருத்தி கையையும் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே பிரவுசருக்குள் இரண்டு மூன்று பக்கங்களைத் தனித்தனியாகத் திறந்து வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் டேப் என்று பெயர், மேலே வரிசையாக இருக்கும், தொட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு வியாழக்கிழமை சொல்லிக்கொடுத்தாள். அந்த வியாழக்கிழமை பார்த்துத்தான் நதியா சாமை அறுக்கப் போயிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பட்டா பார்க்கிற பாடம். நதியா வேடியப்பன் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் எல்லாம் ஒரு விரலால் தட்டினாள். கோணல்மாணலாகக் காட்டிய எழுத்துகளை மூன்று தரம் தப்பாகப் போட்டு நாலாம் தரம் சரியாகப் போட்டாள். பக்கம் வருவேனா என்று சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வரலாமென்று எழுந்து வெளியே போனாள்.

அந்த இடைவெளியில் கலைவாணி சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை படித்ததை ஞாபகம் வைத்து இன்னொரு டேப் திறந்து, தன் நிலத்தின் நம்பரைப் போட்டாள். அது உடனே வந்துவிட்டது. அந்தப் பக்கமாக வந்த தஸ்லீமையும் கூப்பிட்டுக் காட்டினாள். கோபால்சாமி, தகப்பன் பெயர் மாதையன். அவள் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. போட்டது போட்டபடி ஓடிப் போனாள்.

நதியா வந்து உட்கார்ந்தாள். பக்கம் வந்திருந்தது. மேலே பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கோபால்சாமி.

அவள் அதையே இன்னொரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கீழே இறக்கி சர்வே நம்பரைப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம். எங்கே!

"மிஸ், எங்க நெலத்துல கோபால்சாமி பேரு வருதே?"

அறையின் அந்தக் கோடியில் வேறொருத்திக்குக் குனிந்து காட்டிக்கொண்டிருந்த தஸ்லீம் திரும்பாமலே சொன்னாள்: "அது ரெண்டாவது டேப்புக்கா. அதுல அவர் பேருதான் வரும்."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது. ஐந்து கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் இருண்டன. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பையைத் தேடினார்கள். நதியா இருண்டுபோன கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெண்டாவது டேப்பு. மனுஷன் குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்திருந்தாளே! வாணியம்பாடிக்காரி, நிலமும் தெரியாது நீச்சும் தெரியாது, அவள் வாயிலிருந்தே அதே வார்த்தை வருகிறதென்றால்? சர்வேயர் திரும்ப வந்திருக்கிறான். அளந்திருக்கிறான். இந்தக் கலைவாணி தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து களி தின்றிருக்கிறாள். இப்போது நைசாக எழுந்தும் ஓடிவிட்டாள்.

மூன்று மைலும் அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

வேடியப்பன் வீட்டுக்கு முன்னால் கொடுவாளால் மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். அவன் கையில் கொடுவாள் இருக்கும்போது இதைச் சொல்லலாமா என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. நாக்கை அடக்கியிருக்கலாம். ஆனால் ஆத்திரம் அவளுக்கும்தான் கண்ணை மறைத்திருந்தது.

"நீ சொன்னது நெசந்தான். ரெண்டாவது டேப்பு போட்டுக்கிறான். அவம்பேருதான் வருது."

வேடியப்பன் எழுந்து வந்து பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தான். ஏன் அறைந்தான் என்று அவனுக்கே தெரியாது. கையில் கிடைத்த முதல் ஆள் அவள்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"யார் சொன்னது டேப்புன்னு?"

"மிஸ்ஸு சொல்லிச்சு. எங்காதால கேட்டேன்."

அவ்வளவுதான். அவன் கொடுவாளோடு நடந்தான். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே நதியாவும் பின்னால் போனாள். தடுக்கப் போகவில்லை. அதைச் சொல்லிவிடவேண்டும். அவள் போகும்போது வழியிலிருந்து இரண்டு கல்லைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

கோபால்சாமி காய்ச்சல்காரப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். வேடியப்பன் வருகிற வேகத்தைப் பார்த்ததும் பையனைக் கலைவாணியிடம் கொடுத்தான்.

"இன்னாண்ணா?"

"இன்னாவா? கேக்குற வாயப் பாரு! சர்வேயரக் கூட்டினு வந்து திருட்டு டேப்பு போட்டவன் எனக்குத் தம்பி மொறையாடா?"

"அண்ணா, எம்புள்ள மேல சத்தியமா நான் யாரையும் கூட்டினு வரல."

"புள்ளமேலயே பொய்ச் சத்தியம் பண்றியா, நாயே!"

கொடுவாளின் பிடியால் வாயிலேயே இடித்தான். கோபால்சாமி உதடு கிழிந்து மல்லாந்து விழுந்தான். விழுந்த இடத்தில் கடப்பாரை இருந்தது. அதை எடுத்து அவன் படுத்தவாக்கிலேயே வீசியது வேடியப்பன் முழங்காலில் பட்டது. எலும்பில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, இன்னாக்கா இது, நீயாவது புடிக்கா!" என்று கலைவாணி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே கத்தினாள். அக்கா என்று அவள் கூப்பிட்டதுதான் நதியாவுக்குத் தாங்கவில்லை. களி தின்ற வாய்! முடிச்சை அவிழ்த்துக் கல்லை எடுத்து எறிந்தாள். கலைவாணி புருவத்துக்கு மேலே பட்டுத் தோல் பிளந்து ரத்தம் பையன் தலையில் சொட்டியது. பையன் வீறிட்டு அழுதான்.

ஆறேழு பேர் விழுந்து பிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் வந்து கோலைத் தரையில் குத்தி நின்றார்.

"வாயால சொன்னா ஆச்சா? பேப்பர் எங்க? நாளைக்கி உச்சிப் பொழுதுக்கு வரப்பாண்ட வாங்க. பேப்பரோட வாங்க. அதுவரைக்கும் எவங் கைய ஓங்குனாலும் ஊர உட்டுத் தள்ளி வெச்சிடுவேன், ஆமா."

மறுநாள் விடிந்ததும் நதியா பேப்பர் எடுக்கக் கிளம்பினாள். குடோன் கதவு திறக்கிற வரைக்கும் வெளியே காத்திருந்தாள். தஸ்லீம் பதினோரு மணி பஸ்ஸில் வந்து பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே கலைவாணியும் வந்து சேர்ந்தாள். நெற்றியில் துணி சுற்றியிருந்தது. அவளுக்கும் பேப்பர் வேண்டும். தன் புருஷன் திருடன் இல்லை என்று காட்ட வேண்டும்.

உள்ளே போனதும் யார் முதலில் கை வைத்தது என்று கேட்டால் இரண்டு பேருமே மற்றவளைச் சொல்வார்கள். நதியாவின் கொண்டை கலைவாணி பிடியில் இருந்தது. கலைவாணியின் தோள்பட்டையில் நதியாவின் பல் இறங்கியிருந்தது. நாற்காலி கவிழ்ந்தது. கலைவாணி கீபோர்டைப் பிடுங்கி நதியா முதுகில் அடித்த அடியில் இரண்டு மூன்று எழுத்துகள் தெறித்து ஓடின. நெற்றித் துணி நனைந்து மறுபடி ரத்தம் வழிந்தது. "யா அல்லா! வுடுங்கக்கா! வுடுங்க!" என்று நடுவில் புகுந்த தஸ்லீமுக்கும் ஒரு குத்து கிடைத்தது.

"திருட்டுச் சிறுக்கி! பக்கத்துல ஒக்காந்துகினே எங்க நெலத்த முழுங்கிட்டியேடி!"

"யார் நெலத்தடி முழுங்குனோம்? நான் எங்க நெலத்தத்தான் தொறந்து பாத்தேன்!"

இதைக் கேட்டு தஸ்லீம் நின்றாள். ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டாள். நேற்றுக் கரண்ட் போனபோது திறந்திருந்ததை மீட்டெடுக்கவா என்று பிரவுசர் கேட்டது. அவள் ஆமாம் என்று தொட்டாள். இந்தத் தடவை இரண்டு பக்கமும் மடமடவென்று வந்துவிட்டன.

"இங்க பாருங்க ரெண்டு பேரும். இது மொத டேப். நதியாக்கா நேத்து அடிச்சது. பேரு இன்னா போட்டிருக்குது?"

வேடியப்பன் என்று போட்டிருந்தது. நம்பர் துண்டுச்சீட்டில் இருந்த அதே நம்பர்.

"இது ரெண்டாவது டேப். கலைவாணிக்கா தொறந்தது. இதுல கோபால்சாமி. இது அவங்க நெலம். ரெண்டும் வேற வேற. நீங்க பாத்தது இத."

நதியா இரண்டு நம்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"டேப்புன்னா... சர்வேயர் அளக்குற டேப்பு இல்லியா மிஸ்?"

தஸ்லீமுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கலைவாணி திட்டவில்லை. "மணி இன்னா?" என்று மட்டும் கேட்டாள். பதினொன்றே கால்.

"எங்க வூட்டுக்காரரு காலையிலயே வரப்புக்குப் போய்ட்டாருக்கா. கடப்பாரையும் எடுத்துகினு போய்ட்டாரு."

வேடியப்பன் கொடுவாளை விடியற்காலையிலேயே தீட்டி வைத்ததை நதியா பார்த்திருந்தாள். ஊர்க்கவுண்டருக்குக் காத்திருக்கிற ஆளா அவன்? தஸ்லீம் செல்போனில் மூன்று தரம் போட்டுப் பார்த்தாள். வரப்புப் பக்கம் டவர் கிடையாது, என்றைக்கும் கிடையாது. பிரிண்ட் எடுத்த தாளை நதியா கையில் திணித்தாள். இரண்டு பெண்களும் ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் குறுக்குவழியில் ஓடினார்கள்.

சற்று முன்னால் ஒருத்தியை ஒருத்தி கடித்தவர்கள்தான். பாறைச் சரிவில் கலைவாணி சறுக்கி விழுந்தபோது நதியா கையைப் பிடித்துத் தூக்கினாள். நதியாவுக்கு மூச்சு முட்டி நின்றபோது கலைவாணி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். சாமி, அந்த ஆளுக்கு இன்றைக்கு மட்டும் முழங்கால் வலி அதிகமாக இருக்கட்டும், எழுந்து நடக்கவே முடியாமல் கிடக்கட்டும் என்று நதியா வேண்டிக்கொண்டே ஓடினாள். கட்டின புருஷனுக்கு அப்படி ஒரு வேண்டுதல்! கலைவாணி எதை வேண்டிக்கொண்டாளோ, வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினாள்.

புளியமரங்கள் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது.

நதியா வரப்பில் ஏறியபோது விழுந்தது இரண்டாவது வெட்டு. முதல் வெட்டு எப்போது விழுந்ததென்று அவள் பார்க்கவில்லை. கோபால்சாமியின் வலது தோள் ஏற்கெனவே தொங்கிப்போயிருந்தது. கடப்பாரை கேழ்வரகுத் தட்டைக்குள் கிடந்தது. அதுவும் சும்மா கிடக்கவில்லை, வேடியப்பன் நெற்றியைப் பிளந்துவிட்டுத்தான் விழுந்திருந்தது. இரண்டாவது வெட்டு கழுத்தில் இறங்கியது. கோபால்சாமி முட்டி மடங்கி, புதிதாக நட்ட கல்லின்மேல் சாய்ந்து, அப்படியே சரிந்தான்.

"யோவ்! நிறுத்துய்யா! நிறுத்து!"

நதியா போட்ட கூச்சலில், மூன்றாவதுக்கு ஓங்கிய கை நின்றது. வேடியப்பன் திரும்பினான். முகம் முழுக்க ரத்தம். ஒரு கண் மூடிப்போயிருந்தது, இன்னொரு கண்ணிலும் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கலைவாணி அவனைத் தாண்டி ஓடிப்போய்ப் புருஷன்மேல் விழுந்தாள்.

"பேப்பர் எடுத்தாந்தியா?" என்றான் வேடியப்பன். "இன்னா போட்டிருக்குது? எனக்குக் கண்ணு தெரில. படி."

"உங்க பேருதாங்க."

"சத்தமாப் படிடி! இவங் காதுல வுழட்டும்!"

அவள் படித்தாள். நம்பரைப் படித்தாள், பேரைப் படித்தாள். வேடியப்பன் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான். கீழே கிடந்தவனைப் பார்த்துக் கத்தினான்.

"பாத்தியாடா! பயந்துகினு ராத்திரியோட ராத்திரியா திரும்ப எம்பேருக்கே மாத்திட்டியாடா! அந்தப் பயம் இருக்கணும்!"

"மாத்தலங்க."

"இன்னா?"

"யாரும் எதுவும் மாத்தல. நேத்தும் உங்க பேருதான் இருந்துச்சு. நாந்தான் அவுரு நெலத்தப் பாத்துட்டு, நம்ம நெலம்னு வந்து சொல்லிட்டேன். டேப்புன்னா அது வேறயாம். யாரும் அளக்கவே இல்ல. சர்வேயரே வரலங்க."

அவள் இன்னொரு தரம் சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போகாமல் அப்படியே இருந்தது, அவனுக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. பிறகு கொடுவாளைப் போட்டுவிட்டுத் தொப்பென்று மண்டியிட்டு, கோபால்சாமி கழுத்தில் ரத்தம் பீறிட்ட இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

"வண்டி! எவனாவது ஓடுங்கடா! வண்டிக்குச் சொல்லுங்கடா! எந்தம்பிடா! எந்தம்பிடா!"

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் ஒருவன் டவர் கிடைக்கிற பாறையைப் பார்த்து ஓடினான். கலைவாணி அந்தக் கைகளைப் பிய்த்து எறியப் பார்த்தாள். நகத்தால் கீறினாள், கடித்தாள். அவன் விடவில்லை. கை கொஞ்சம் நகர்ந்தபோது ரத்தம் குபுக்கென்று வந்ததைப் பார்த்துவிட்டு அவளே அந்தக் கையைத் திரும்ப இழுத்து வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். அந்த இடத்தில் அதைவிடப் பலமான கை வேறு இல்லை.

கோபால்சாமி கண்ணைத் திறந்து யாரையோ தேடினான். "அண்ணா, நான் கூட்டினு வரல" என்றான். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

கீழேயிருந்து ஆம்புலன்ஸ் மலையேறி வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று பாறையிலிருந்து திரும்பி வந்தவன் சொன்னான். வேடியப்பன் கையை எடுக்கவே இல்லை. கலைவாணி கையை எடுத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்த பிறகும் எடுக்கவில்லை. ஊர்க்கவுண்டர் வந்து தோளைத் தொட்டுச் சொன்னார், கேட்கவில்லை. ரத்தம் நின்னுடுச்சு பாருங்க, நின்னுடுச்சு என்று திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் நதியாதான் போய் அவன் எதிரில் உட்கார்ந்து, விறைத்துப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே, தம்பி போய்ட்டாருங்க என்று அதையும் சொன்னாள்.